ஒரே இரவில் இடம்பெயர்ந்த விமான நிலையம்

விமான நிலையம் என்றதும் ஓடுபாதையும் கண்ணாடி மாளிகையுமே நம் மனத்தில் எழுகின்றன. அதன் உயிரோ பயணியர் கண்ணில் படாத சரக்குக் கிடங்குகளிலும் கணினி அறைகளிலும் இருக்கிறது. 1998 ஜூலையில் ஹாங்காங் இதனைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

கவ்லூன் நகர நெரிசலுக்கு நடுவே இருந்த கை டாக் நிலையத்தின் வரலாறு 1920களில் தொடங்குகிறது. 1958-இல் கடலைத் தூர்த்து அமைத்த ஒற்றை ஓடுபாதையே நாற்பது ஆண்டுகள் அதனைத் தாங்கியது. மேற்கிலிருந்து இறங்கும் விமானி, குன்றின்மீது தீட்டப்பட்டிருந்த செவ்வெள்ளைக் கட்டங்களைக் கண்ணால் கண்டபின், தாழப் பறந்தபடியே ஏறத்தாழ 47 பாகை வலப்புறம் திரும்பியாக வேண்டும். விரிவாக்க இடமில்லை, இரைச்சலின் காரணமாக நள்ளிரவுக்குப் பின் பறக்கவும் தடை. எனவே 1989-இல் புதிய நிலையம் அறிவிக்கப்பட்டது. செக் லாப் கொக், லாம் சாவ் என்னும் இரு தீவுகளைச் சமப்படுத்திக் கடலைத் தூர்த்து 1,248 ஹெக்டேர் நிலம் உருவாக்கினர். முனையத்தை நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்தது.

1998 ஏப்ரலில் நடக்கவிருந்த திறப்பு ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜூலை 5-ஆம் நாள் இரவு, ஊர்திகளும் கருவிகளும் தரைவழியும் கடல்வழியும் நகர்ந்தன. நள்ளிரவு கடந்து கை டாக்கின் விளக்குகள் அணைந்தன. மறுநாள் காலை புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. இடமாற்றம் வியக்கத்தக்க ஒழுங்குடன் நடந்தேறியது.

துன்பம் அதன்பின்னரே வந்தது. விமானத் தகவல் பலகைகள் பிழைபட்டன. பயணியர் வாயில் தேடி அலைந்தனர். சரக்கின் பெரும்பகுதியைக் கையாளவிருந்த ஹாக்டில் நிறுவனத்தின் ‘சூப்பர்டெர்மினல் 1’ தானியங்கி முறை முடங்கியது. பெட்டிகள் கிடங்கில்தான் இருந்தன; ஆனால் எது எங்கே இருக்கிறது என்னும் கணக்கு கணினியிடம் இல்லை. கடலுணவும் பழங்களும் அழுகின. குறுகிய காலத்துக்கென அறிவித்த சரக்குத் தடை மேலும் மேலும் நீண்டது. அப்போதுதான் விடைகொடுத்து அனுப்பிய கை டாக்கின் பழைய சரக்கு முனையத்தையே மீண்டும் திறக்க நேர்ந்தது. நிலைமை சீரடைய ஆகஸ்ட் இறுதியாயிற்று.

மூன்று தனித்தனி விசாரணைகள் நடந்தன. 1999 ஜனவரியில் வெளியான ஆணைய அறிக்கை, போதிய சோதனையும் ஒருங்கிணைப்பும் இல்லாமையைச் சுட்டியது. கட்டடத்தின் நிறைவைக் கண்ணால் காணலாம். மென்பொருளின் நிறைவை நெடுநாள் ஓட்டிப் பார்த்தே அறிய முடியும். பின்னதற்கு வேண்டிய நாட்களை, கட்டுமானத் தாமதங்கள் ஒவ்வொன்றாய் விழுங்கிவிட்டன. ஜூலைக்குத் தள்ளிய திறப்புநாள் மட்டும் மீண்டும் நகரவில்லை.

பின்னர் அந்நிலையம் சரக்குப் போக்குவரத்தில் உலகின் முன்வரிசைக்கு உயர்ந்தது. 2024 நவம்பரில் மூன்று ஓடுபாதை அமைப்பும் செயற்பாட்டுக்கு வந்தது. அந்த வெற்றியைப் பேசுவோர் 1998-இன் அழுகிய மீன் பெட்டிகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நவீனமயமாதல் என்பது பழையதை மூடும் நாளில் நிறைவடைவதில்லை. பழையது சிறிது காலம் உடனிருந்து கைகொடுக்க வழிவைப்பதும் அதன் பகுதியே.