பாலமா, கரையா? ஜோகூர் கடற்பாலத்தின் வரலாறும் பெயரும்



ஜோகூர் பாரு நகரையும் சிங்கப்பூர்த் தீவையும் இணைக்கும் வழியைத் தமிழர்களாகிய நாம் கடற்பாலம் என்கிறோம். நாளிதழிலும் வானொலியிலும் இச்சொல்லே வழங்குகிறது. ஆயினும் கரையோரம் நின்று அதனை நோக்குபவர், வரிசையாக நிற்கும் தூண்களையோ அவற்றினூடே பாயும் நீரையோ காணமாட்டார். கல்லடுக்கிய நெடிய மேட்டையே காண்பார். மலாய் மொழியில் அதன் பெயர் தம்பாக் ஜோகூர். மண்ணோ கல்லோ இட்டு நிரப்பி எழுப்பிய கரையே தம்பாக். சீனப் பெயரின் பொருள் நெடுங்கரை என்பதாகும். ஆங்கிலத்தில் வழங்கும் காஸ்வே என்னும் சொல்லும் நீர்ப்பரப்பின் குறுக்கே மேடாக்கி அமைத்த சாலையையே குறிக்கும். தமிழ் மட்டுமே அதனைப் பாலம் என்கிறது. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. பாலமா, கரையா என்று கேட்கும்போதுதான் அக்கட்டுமானத்தின் வரலாறு நமக்கு விளங்கத் தொடங்குகிறது.

சிங்கப்பூரின் இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டு தீவின் வடகரையை எட்டியது. எதிர்க்கரையில் ஜோகூர் மாநில இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. மலாயாவின் ஈயமும் ரப்பரும் சிங்கப்பூர்த் துறைமுகத்தை நோக்கிப் பெருகி வந்தன. ஆனால் இரண்டு பாதைகளுக்கும் இடையே கடல் கிடந்தது. பயணிகள் படகேறிக் கடந்தனர்; சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றப்பட்டுக் கரை சேர்ந்தன. சரக்கு மிகுந்தபோது மிதவைகளால் ஈடுகொடுக்க இயலவில்லை.

நிலையான இணைப்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வகை இணைப்பு என்பதே வினாவாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் இரும்பின் விலை உயர்ந்திருந்தது. இரும்புப் பாலமாயின் இடையறாத பராமரிப்பும் தேவை. கருங்கல்லோ அருகிலேயே, புலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் நிறையக் கிடைத்தது. ஆகவே மலாயக் கூட்டு மாநிலங்களின் பொதுப்பணித் துறை இயக்குநர் ஏர் கென்னி 1917இல் கல்லால் கரை எழுப்பும் திட்டத்தை முன்வைத்தார்.

1919இல் பணி தொடங்கியது. 1920 ஏப்ரல் 24 அன்று ஆளுநர் கில்லிமார்டும் ஜோகூர் சுல்தான் இப்ராஹிமும் கலந்துகொண்ட விழாவில் கற்கள் கடலில் கொட்டப்பட்டன. அதன் பின்னர் ஏறத்தாழ 15 லட்சம் கன கெஜம் கல் அந்நீரிணையில் இறங்கியது. 2,000க்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். 1,056 மீட்டர் நீளமும் 60 அடி அகலமும் கொண்ட அக்கரையின்மேல் இரண்டு இருப்புப்பாதைகளும் ஒரு சாலையும் அமைந்தன. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் முதல் நாளில் பயணிகள் ரயிலும் அதன்மேல் ஓடின. அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்று நடைபெற்றது.

பாலம் நீருக்கு வழிவிட்டு அதன்மேல் செல்லும். கரை நீரை மறிக்கும். இதனை அன்றைய பொறியாளர்களும் அறிந்தே இருந்தனர். எனவேதான் சிறுகலங்கள் கடப்பதற்காக ஜோகூர்ப் பக்கத்தில் 170 அடி நீளமும் 32 அடி அகலமும் உள்ள நீரடைப்பு வாயில் ஒன்றை அமைத்தனர். அதன் குறுக்கே மின்விசையால் உயரும் தூக்குப்பாலமும் இருந்தது. கடற்பாலத்தில் பாலம் என்று சொல்லத் தகுந்த பகுதி அது ஒன்றே.

1942 ஜனவரி 31 அன்று, ஜப்பானியப் படை நெருங்கி வர, தீவுக்குப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். தூக்குப்பாலம் அழிந்தது, கரையிலும் பெரும்பிளவு ஏற்பட்டது. ஆயினும் கற்கரை முழுதும் அழியவில்லை. ஜப்பானியர் பிளவின்மீது விட்டங்களை அமைத்து விரைவிலேயே அதனைப் பயன்படுத்தினர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்குப் பின் கரை செப்பனிடப்பட்டது. நீர்வாயில் மீண்டும் அமைக்கப்படவில்லை. மக்களுக்கு வழி திரும்பக் கிடைத்தது, கலங்களுக்குக் கிடைக்கவில்லை. நீரிணை கிழக்கு மேற்காக இரண்டுபட்டு நின்றது. 1998இல் துவாஸில் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்போ தூண்கள்மேல் நிற்கும் பாலம். தமிழில் இரண்டையும் பாலம் என்றே சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

தமிழில் சொல் இல்லாமலா இப்பெயர் வந்தது? செய்கரை என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஈழத்தமிழில் தாம்போதி என்பது இன்றும் வழக்கில் உள்ளது. கடலடைத்து இராமன் அமைத்ததாகக் காப்பியம் கூறும் சேதுவைத் திருவணை என்றும் வழங்கினர். அணை என்பது நீரைத் தடுப்பது. இன்று அதனையும் இராமர் பாலம் என்பதே பெருவழக்கு. கடப்பவரின் கண்ணுக்கு வழிதான் தெரிகிறது. தடுக்கப்பட்ட நீர் தெரிவதில்லை. பாலம் என்னும் சொல் கடப்பவரின் பார்வையில் பிறந்த சொல் என்பேன்.

ஆகவே கடற்பாலம் என்னும் சொல்லைக் கைவிடுக என்று நான் கூறவில்லை. மக்கள் நாவில் நிலைத்துவிட்ட சொல்லை அகராதியால் அகற்ற முடியாது; அகற்றவும் வேண்டா. ஆசிரியர்கள் அச்சொல்லைக் கற்பிக்கும்போது தம்பாக் என்னும் மலாய்ச் சொல்லையும் அருகில் எழுதிக்காட்டுக. ஒன்று ஏன் பாலம் என்கிறது, மற்றொன்று ஏன் கரை என்கிறது என மாணவரைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர், மிதவைகளையும் கருங்கல்லையும் மூடப்பட்ட நீர்வழியையும் தாமே கண்டறிவர்.