தன் ஆட்டத்தைத் தானே அளந்த தொலைநோக்கி

2003 ஆகஸ்ட் 25 அன்று கேப் கனவெரலில் இருந்து டெல்டா 2 ராக்கெட்டில் புறப்பட்ட ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியை, வேற்று விண்மீன்களின் கோள்களை அளப்பதற்காக யாரும் கட்டவில்லை. அந்தத் திட்டம் முதலில் தீட்டப்பட்ட காலத்தில், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டா என்பதே தெரியாது. முதல் கோள் 1995இல்தான் சிக்கியது.

அகச்சிவப்பைப் பார்க்கும் கருவி தானும் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் சொந்த வெப்பமே படத்தை மூடிவிடும். அதனால் ஸ்பிட்சரைப் பூமிக்கு அருகில் வைக்காமல், சூரியனைச் சுற்றும் பாதையில், பூமியைவிட்டு ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கிப் போகும்படி விட்டார்கள். குளிர்ச்சிக்காக எடுத்த அந்த முடிவால் இன்னொரு வசதியும் கிடைத்தது. பார்வையைப் பூமி குறுக்கே மறைக்காததால், ஒரே விண்மீனை நாள் முழுக்கக் கண் எடுக்காமல் பார்க்க முடிந்தது. கோளின் ஒளி ஏறி இறங்குவதை அளக்க வேண்டுமானால் இந்த இடைவிடாத பார்வைதான் உயிர்நாடி.

கோள் தனியாகத் தெரியாது. விண்மீனும் கோளும் சேர்ந்த ஒரே புள்ளிதான் தெரியும். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளியில் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் கோளின் பங்கு. 2005இல் இந்த வழியில் இரண்டு கோள்களின் வெப்ப ஒளியை ஸ்பிட்சர் பிடித்தது.

2007இல் வெளியான அளவீடு இன்னும் நுட்பமானது. 63 ஒளியாண்டு தொலைவில், 2.2 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவரும் எச்டி 189733பி என்ற ராட்சத வாயுக் கோளை 33 மணி நேரம் தொடர்ந்து பார்த்தார்கள். அதன் ஒரு முகம் எப்போதும் விண்மீனையே நோக்கியிருக்கும். இரவுப்பக்கத்திலிருந்து பகல்பக்கம் நம் பார்வைக்குத் திரும்பத் திரும்ப, மொத்த ஒளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடியது. அந்தச் சின்ன ஏற்றத்தில் ஒரு கோளின் வானிலையே இருந்தது: மிகச் சூடான இடம் விண்மீனுக்கு நேர் கீழே இல்லை, கிழக்கே தள்ளியிருந்தது. கடுங்காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது.

அதே ஆண்டு நவம்பரில் எச்டி 80606பி. 111 நாள் சுற்றில் பெரும்பகுதியை எட்டத்தில் கழித்துவிட்டு, விண்மீனை ஒட்டி உரசிப் போகும் கோள் இது. ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 530 டிகிரி செல்சியஸிலிருந்து 1,230க்குத் தாவியதை ஸ்பிட்சரின் வரைகோடு காட்டியது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதற்குப் பிந்தைய காலம். 2009 மே 15 அன்று கருவிகளைக் குளிர்வித்துவந்த திரவ ஹீலியம் தீர்ந்தது. குறைந்த அலைநீளத்துக்கான இரண்டு அலைவரிசைகள் மட்டும் பிழைத்தன. அவற்றில் ஒரு தொல்லை: ஒரு பிக்சலின் நடுவும் ஓரமும் ஒளியை ஒரே மாதிரி உணர்வதில்லை. விண்மீனின் பிம்பம் பிக்சலுக்குள் இம்மியளவு நகர்ந்தாலும், கோளின் ஒளிமாற்றத்தைவிடப் பெரிய பொய் மாற்றம் பதிவாகும். பிம்பமோ சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சீராக ஆடிக்கொண்டிருந்தது. துப்புத் துலக்கியபோது, பேட்டரியைச் சூடாக வைக்கும் ஹீட்டர் அணைந்து எரிவதுதான் காரணம் என்று தெரிந்தது. 2010இல் அந்த ஹீட்டரின் சுற்று நேரத்தைக் குறைத்தார்கள், ஆட்டமும் குறைந்தது. பிறகு, ஒவ்வொரு விண்மீனையும் பிக்சலின் நிலையான இடத்தில் துல்லியமாக நிறுத்தப் பழகினார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், கை தொட முடியாத கருவியில் செய்த பழுதுபார்ப்பு இது. கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்த வேலைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

தொலைவு கூடக் கூட, பூமியை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பினால் சூரியத் தகடுகள் வெயிலைவிட்டு விலகின. தகவல் அனுப்பும் நேரமெல்லாம் பேட்டரியை நம்பியே ஓடியது. 2020 ஜனவரி 30 அன்று, பூமியிலிருந்து சுமார் 25 கோடி கிலோமீட்டரில், ஸ்பிட்சரின் பணியை முடித்துவைத்தார்கள். 2022 நவம்பரில் எச்டி 80606பி மறுபடி விண்மீனை நெருங்கியபோது, 6.5 மீட்டர் கண்ணாடியுள்ள ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைப் பார்த்தது. இம்முறை வெப்பம் ஏறுவதோடு, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து வளிமண்டலத்தின் மாற்றத்தையும் தேடினார்கள்.