ஊசியும் சான்றும்: ஐரோப்பிய இடைக்கால ஆடைகளின் மறுதையலும் வரலாற்று முறையியலும்

முன்னுரை

கடந்த காலத்தை அறிய விழைவோர் இருவகையினர். கிடைத்த சான்றுகளைப் படித்து எழுதுவோர் ஒருவகையினர். அச்சான்றுகளைக் கொண்டு பழம்பொருளை மீண்டும் செய்து பார்ப்போர் மற்றொரு வகையினர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இடைக்கால ஆடைகளைத் தாமே தைத்து அணிந்து, அக்கால வாழ்வை நிகழ்த்திக் காட்டும் பொழுதுபோக்காளர்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் வரலாற்றுத் துறையில் முறையான பயிற்சி பெறாதவர்கள். ஆயினும் இவர்தம் கைப்பணி ஆடை வரலாற்றாய்வுக்குப் பயன்பட்டுள்ளது. அதே வேளையில் ஒரு முறையியல் சிக்கலையும் தோற்றுவித்துள்ளது. இவ்விரண்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீள்நிகழ்த்துகையின் தோற்றம்

இடைக்காலத்தை உடுத்திப் பார்க்கும் ஆர்வம் புதியதன்று. 1839ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எயர்ஷயர் பகுதியில், எக்ளிண்டன் பிரபு வீரர்களின் குதிரைப் போட்டியொன்றைப் பழைய முறைப்படி நடத்தினார். பெருமழையால் அவ்விழா கெட்டது. எனினும், கற்பனைச் சுவையோடு இடைக்காலத்தை நோக்கிய அந்நூற்றாண்டின் மனப்போக்கிற்கு அது சிறந்த எடுத்துக்காட்டாகும். அன்று செல்வர்க்கு உரியதாக இருந்த அவ்விழைவு, இருபதாம் நூற்றாண்டில் பொதுமக்களிடையே பரவியது. 1966ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்தோட்டத்தில் நிகழ்ந்த கூடுகையிலிருந்து ‘கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் கழகம்’ தோன்றியது. பதினேழாம் நூற்றாண்டிற்கு முற்பட்ட காலமே அக்கழகத்தின் எல்லை. அக்கால உடையை அணிய ஒரு முயற்சியேனும் மேற்கொண்டிருத்தல் வேண்டும் என்பதே நிகழ்ச்சிகளுக்கு வருவோர்க்கு அது விதிக்கும் நிபந்தனை. இந்நிபந்தனையே பல்லாயிரவர் கையில் ஊசியை எடுக்கச் செய்தது எனலாம்.

தொடக்கத்தில் தோற்றப்பொலிவே போதுமானதாகக் கருதப்பட்டது. பத்தடி தொலைவிலிருந்து பார்க்கும்பொழுது பொருத்தமாகத் தெரிந்தால் போதும் என்னும் ‘பத்தடி விதி’ இன்றும் மீள்நிகழ்த்துநரிடையே வழங்குகிறது. காலப்போக்கில் ஒரு சாரார் இதனுடன் நிறைவு அடையவில்லை. துணியின் இழை, நெசவு, வெட்டுமுறை, தையல் வகை ஆகிய ஒவ்வொன்றிற்கும் சான்று காட்ட முற்பட்டனர். கழகத்தின் கலைப் போட்டிகளில் தைத்த ஆடையுடன் அதற்கான சான்றுக் குறிப்பையும் இணைத்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது.

சான்றுகளின் தன்மை

இடைக்கால ஆடையை அறிய ஓவியம், சிற்பம், கணக்கேடு, எஞ்சிய ஆடை என்பன சான்றுகளாகின்றன. ஓவியம் புறத்தோற்றத்தைக் காட்டுமேயன்றி உட்புறத் தையலைக் காட்டாது. கணக்கேடு துணியின் அளவையும் விலையையும் தரும். துணியை வெட்டிய வகையைக் கூறாது. ஆங்கில அரச உடைக்கணக்குகளை விரிவாகப் பயன்படுத்தி ஸ்டெல்லா மேரி நியூட்டன் 1980இல் வெளியிட்ட நூல், பதினான்காம் நூற்றாண்டின் ஆடை மாற்றங்களைத் தெளிவுறக் காட்டியது. அந்நூலைக் கற்ற ஒருவர் அவ்வாடையைத் தைக்க அமர்ந்தால், முதல் வெட்டிலேயே அவருக்கு விடை கிடைக்காத வினாக்கள் எழும். அவற்றிற்கு எஞ்சிய ஆடைகளே விடை தர வல்லவை.

அத்தகைய ஆடைகள் மிகச் சிலவே. கிரீன்லாந்தின் தென்முனையில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்னுமிடத்தில் இருந்த நோர்ஸ் மக்களின் தேவாலய இடுகாட்டை, டென்மார்க்கைச் சேர்ந்த பௌல் நோர்லுண்ட் 1921இல் அகழ்ந்தார். உறைநிலத்தில் கம்பளி ஆடைகள் அழியாதிருந்தன. பிணப்பெட்டிக்கு மாற்றாகப் பழைய ஆடைகளைச் சுற்றி இறந்தோரைப் புதைத்திருந்தனர். நோர்லுண்ட் 1924இல் தம் ஆய்வை வெளியிட்டார். பின்னர் எல்சே ஓஸ்டர்கோர் 2004இல் அவ்வாடைகளை மறு ஆய்வு செய்து நூலாக்கினார். அவர் பிறருடன் இணைந்து 2011இல் வெளியிட்ட நூல், வெட்டுப்படிவங்களைத் தைப்போர்க்கு நேரடியாகப் பயன்படும் வகையில் தந்தது. ஸ்வீடனின் வார்பர்க் நகருக்கு அருகே ஒரு சதுப்புநிலத்தில் 1936இல் கிடைத்த ‘பாக்ஸ்டன் மனிதன்’ உடல், மேலங்கி, போர்வையங்கி, தலைமூடி, காலுறை எனப் பதினான்காம் நூற்றாண்டு உடைத்தொகுதி ஒன்றையே பாதுகாத்துத் தந்தது. இலண்டனில் தேம்சு கரையோர அகழ்வுகளில் கிடைத்த துணித்துண்டுகளை எலிசபெத் குரோஃபுட் முதலிய மூவர் ஆராய்ந்து 1992இல் நூலாக வெளியிட்டனர்.

வெட்டுமுறை உணர்த்தும் செய்தி

கனடாவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டாரதி பர்ன்ஹம் 1973இல் வெளியிட்ட ‘கட் மை கோட்’ என்னும் சிறுநூல், தறியின் அகலமே ஆடையின் வடிவத்தைப் பெரிதும் வரையறுத்தது என நிறுவியது. கையால் நூற்று நெய்த துணி அரியது. ஆதலின் அதனை வீணாக்காது வெட்டுதல் இன்றியமையாததாயிற்று. நீள்சதுரத் துண்டைக் குறுக்காக வெட்டினால் இரு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றை உடலின் பக்கங்களிலும் நடுவிலும் சேர்த்து மூட்டினால், இடுப்பிற்குக் கீழே ஆடை விரியும். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை வைத்துத் தைத்தால் கை தாராளமாக அசையும். ஓவியத்தில் அழகிய மடிப்பாகத் தெரிவது, தைப்பவர் கையில் சிக்கன அறிவாக வெளிப்படுகிறது.

இதனினும் சிறந்த சான்று பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஆண்மேலங்கி. 1364இல் ஓரே போரில் இறந்த சார்லஸ் டி புளுவாவுக்கு உரியது என மரபாகக் கூறப்படும் அவ்வங்கியின் கைக்குழி மிகப் பெரியது. மார்பிலும் முதுகிலும் வெகுதூரம் உள்வாங்கிச் செல்வது. கையுடன் முக்கோணத் துண்டுகள் பல இணைந்துள்ளன. தாளில் வரைந்த படிவத்தைக் காண்போர்க்கு அது தேவையற்ற சிக்கலாகத் தோன்றும். தைத்து அணிந்தோர் அதன் காரணத்தை உணர்ந்தனர். உடலை இறுகப் பற்றிய அவ்வங்கியில், கையை உயர்த்தினாலும் இடைப்பகுதி மேலெழுவதில்லை. உடல் வடிவத்திற்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், போர்வீரனின் கையோ தடையின்றி இயங்க வேண்டும் என்னும் இரு தேவைகளுக்கும் தையற்காரர் கண்ட தீர்வு அது.

ஆர். ஜி. காலிங்வுட், அவர் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்த ‘வரலாறு பற்றிய கருத்து’ என்னும் நூலில், கடந்த கால மனிதரின் எண்ணத்தைத் தம் மனத்தில் மீள நிகழ்த்துவதே வரலாற்றாசிரியரின் பணி என்றார். பெயரறியாத் தையற்காரர்கள் தம் எண்ணத்தை எழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்தம் முடிவுகள் வெட்டிலும் மூட்டிலும் மட்டுமே பதிந்துள்ளன. அம்முடிவுகளைக் கையால் மீள எடுத்துப் பார்ப்பது, காலிங்வுட் கூறிய நெறிக்கு அயலானதன்று.

வெற்றிடத்தை நிரப்புதல்

மறுதையலின் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. எந்தச் சான்றும் முழுமையானதன்று. கம்பளியைக் காத்த மண் ஆளிநார்த் துணியைக் காக்கவில்லை. இலண்டன் துண்டுகளில் ஆளிநார் நூலால் இட்ட தையல்கள் பெரும்பாலும் அழிந்து, ஊசித்துளைகள் மட்டுமே எஞ்சின. பட்டுநூலால் எடுத்த காஜாக்களோ நிலைத்தன. உடலை ஒட்டி அணிந்த உள்ளாடை பற்றிய சான்று இதனால் மிகக் குறைவு. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் 2019 தீவிபத்தின்போது மீட்கப்பட்டதும், 1270இல் இறந்த ஒன்பதாம் லூயி மன்னருடையது எனப் போற்றப்படுவதுமான ஆளிநார்ச் சட்டை போன்றவை அரியன. அச்சட்டையிலும் ஒரு கை இல்லை.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுச் சென்றனர். புறநானூற்றில் 267, 268 ஆம் எண்கள் பாடலின்றியே நிற்கின்றன. அவ்வெறுமையும் ஒரு செய்தியே. ஆடைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு கையின்றி அங்கியைத் தைத்து அணிய இயலாது. கிடைக்காத பகுதியைத் தைப்பவர் ஊகித்தே நிரப்பியாக வேண்டும். நிரப்பிய பின், ஊகித்த கையும் சான்றுள்ள கையும் ஒரே துணியில், ஒரே தையலில் வேறுபாடின்றிக் காட்சியளிக்கும்.

இடமும் காலமும் இவ்வாறே மறைகின்றன. ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் படிவங்கள் எளிதில் கிடைப்பதால், அவற்றைக் கொண்டு தைத்த உடைகள் பிரெஞ்சு அரசவைப் பெண்டிர்க்கும் இலண்டன் வணிகர்க்கும் உரியனவாக வலம் வருகின்றன. உலகின் ஓர் எல்லையில் வாழ்ந்த ஒரு சிறு குடியேற்றத்தின் உடை, ஐரோப்பா முழுமைக்கும் சான்றாகிவிடுகிறது. அக்குடியேற்றத்து உயர்ந்த தொப்பி ஒன்றைத் தோற்ற ஒப்புமையால் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியது என நோர்லுண்ட் கருதினார். பிற்காலக் கரிமக் காலக்கணிப்பு அது அதற்கு முற்பட்டது எனக் காட்டியது. ஒப்புமையை மட்டும் நம்பினால் துறை வல்லுநரின் கணிப்பும் பிறழக்கூடும் என்பதற்கு இது சான்று. மண்ணின் கறையால் பழுப்பேறிய துணியைக் கண்டு, இடைக்கால எளியோர் மங்கிய நிறமே உடுத்தினர் என எண்ணுவதும் இத்தகையதே.

போட்டிக்கு வைக்கும் ஆடையுடன் சான்றுக் குறிப்பு இருக்கும். ஆனால் ஆடையின் நிழற்படம் பரவும்பொழுது அக்குறிப்பு உடன் செல்வதில்லை. அடுத்துத் தைப்பவர் அப்படத்தையே சான்றாகக் கொள்கிறார். மூன்றாம் கைக்கு வரும்பொழுது ஊகம் உண்மையாகிவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, எழுத்தும் ஓவியமும் கூறாத வெட்டு, இயக்கம், சிக்கனம், உழைப்பு ஆகியவற்றை மறுதையல் வெளிப்படுத்துகிறது. பொழுதுபோக்காளர் பணி என்பதனால் அதனை ஆய்வுலகம் ஒதுக்குதல் பொருந்தாது. மற்றொன்று, மறுதையல் தன் ஊகங்களைத் தானே மறைத்துக் கொள்ளும் இயல்புடையது. ஆதலின் தைத்த ஆடையின் ஒவ்வொரு பகுதியும் கிடைத்ததா, பிற சான்றால் உய்த்துணரப்பட்டதா, தேவை கருதி ஊகிக்கப்பட்டதா என்னும் பகுப்பு, ஆடையை விட்டுப் பிரியாத குறிப்பாக அமைதல் வேண்டும். பதிப்பாசிரியர் இட்ட புள்ளிக்கு நிகரான ஒன்றைத் தைப்பவரும் கண்டு கொள்ளும்பொழுது, அவர் தைக்கும் ஆடையும் ஒரு பதிப்பாகும்.