பொறியும் கொழுந்து பறிக்கும் கையும்



ஹற்றனிலிருந்து நானுஓயாவுக்குப் புகைவண்டியில் செல்வோர் மலைச்சரிவுகளில் இரு காட்சிகளைக் காண்பர். ஒன்று, வரிசையாகச் சன்னல்கள் கொண்ட உயர்ந்த தேயிலைத் தொழிற்சாலை. மற்றொன்று, கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள். உள்ளே பொறி வேலை செய்கிறது. வெளியே கை வேலை செய்கிறது. இப்பிரிவு எவ்வாறு தோன்றியது?

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது இப்பிரிவு இல்லை. அவரது பங்களாத் தாழ்வாரமே தொழிற்சாலை. தொழிலாளர் இலையை மேசைமீது கையால் உருட்டினர். களிமண் அடுப்பில், கரி நெருப்பின் மேல் உலர்த்தினர். 1872இல் அவர் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். 1869 முதல் இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை மலையெங்கும் பரவிற்று. ஜாக்சனின் உருட்டும் பொறியும் டேவிட்சனின் உலர்த்தும் பொறியும் வந்து சேர்ந்தன.

பொறி வந்தால் ஆள் குறையும் என்பர். மலைநாட்டிலோ ஆள் பெருகிற்று. கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்களே ஆள் வேண்டும். தேயிலையோ ஆண்டு முழுதும் துளிர்ப்பது. பறித்த கொழுந்து வாடிக் கெடுமுன் தொழிற்சாலைக்கு வந்தாக வேண்டும். ஆதலால், தமிழகத்திலிருந்து பருவந்தோறும் வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கலாயினர். சிலர் பொறியை இயக்க, பெண்கள் பல்லாயிரவர் அதற்குக் கொழுந்து பறித்தனர். நிருவாகமும் அதற்கேற்ப இறுகிற்று: துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, காலையில் பெரட்டு, பின்னர் கொழுந்து நிறுவை. குறித்த எடைக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதி நாட்சம்பளம்.

1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், தராசு மாறவில்லை.

இன்று தொழிற்சாலைக்குள் நிறம் பார்த்துத் தூளைத் தரம் பிரிக்கும் பொறியும் வந்துவிட்டது. சில தோட்டங்களில் கொழுந்து வெட்டும் கத்தரியும் கையியந்திரமும் மலைக்கே ஏறியுள்ளன. அவை விரைவாக வெட்டும். முற்றிய இலையையும் சேர்த்தே வெட்டும். ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ தேர்ந்தெடுக்கும் திறன் இன்னும் விரலுக்கே உரியது.

கருவியைப் பழிப்பதில் பயனில்லை; முதுகை வளைக்கும் சுமை குறைவது நன்றே. கத்தரியால் கூடும் எடை பறிப்பவள் கணக்கில் ஏறுமா, அன்றிப் பேருக்குரிய எடையே உயர்த்தப்படுமா என்பதே வினா. அன்று பொறிக்கு ஏற்ற விதியை வகுத்தபோது அவளை எவரும் கேட்கவில்லை. இன்றேனும் கேட்க வேண்டாமா?