தவறணையில் பிறந்த சங்கம்

குடியின் வரலாற்றை எழுதியோருட் பலர், குடியைத் தடுக்க முயன்றோரின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். அரசர் விதித்த தடைகளும் குருமாரின் போதனைகளும் சட்டசபைகள் இயற்றிய விதிகளும் ஏடுகளை நிரப்பின. குடித்தவன் தானே எழுந்து நின்று தன் மீட்சிக்கு வழி தேடிய கதையோ ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது. ஆசிரியர்களாகிய எமக்கு அக்கதை வேண்டியதாகின்றது. தந்தையின் குடியாற் படிப்பை இழக்கும் பிள்ளையை நாம் வகுப்பறையிலே காண்கிறோம். அத்தந்தை நம்மிடம் வந்து, “நான் எங்கே போவது?” என்று கேட்டால் நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அமெரிக்கத் தொழிலாளரின் வாழ்வைக் குலைத்தது. அக்காலத்து மதுவிலக்குச் சங்கங்கள் குடியாதோரைக் குடியாதோராகவே வைத்திருப்பதிற் கருத்தூன்றின; குடியில் மூழ்கியவனை மீளாதவன் எனக் கைவிட்டன. இந்நிலையில், 1840 ஏப்ரலில், பால்ற்றிமோர் நகரத் தவறணையொன்றிற் கூடிக் குடிக்கும் அறுவர் இனிக் குடிப்பதில்லை என உறுதி பூண்டனர். அவர்களுள் ஒருவர் தையற்காரர்; ஒருவர் தச்சர்; இருவர் கொல்லர்; ஒருவர் வண்டி செய்பவர்; ஒருவர் வெள்ளி வேலையாளர். வாஷிங்டன் பெயரால் அவர்கள் அமைத்த சங்கத்திற் பிரசங்கம் செய்வோருக்கு இடமில்லை. ஒவ்வொருவனும் தன் கதையைத் தானே கூறினான். அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு குடியனை அழைத்து வந்தான். 1841இல் நியூயோர்க்கிலே பெண்கள் மார்த்தா வாஷிங்டன் சங்கம் அமைத்தனர். 1842 பெப்ரவரியில் ஸ்பிறிங்ஃபீல்டு நகரத்து வாஷிங்டன் சங்கத்தில் உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், குடியரை இழித்துரைப்பதால் எவரும் திருந்தார் என்றும், நட்பே மனத்தை மாற்றும் என்றும் வாதிட்டார்.

ஆயினும் அவ்வியக்கம் பத்தாண்டு நிலைக்கவில்லை. உறுதியான அமைப்பு அதற்கு வாய்க்கவில்லை. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா என்ற சர்ச்சை உள்ளே புகுந்து உறுப்பினரைப் பிரித்தது. மேடைப் பேச்சாளர் புகழடைந்தனர். சிறு கூட்டங்கள் மெலிந்தன.

ஏறத்தாழ நூறாண்டு கழிந்து, மற்றொரு பொருளாதார மந்தத்தின் நடுவே, அதே உண்மை மீண்டும் கண்டறியப்பட்டது. நியூயோர்க்கின் பங்குச்சந்தையில் நொடித்துப்போன பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1935 மே மாதம் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்கு வந்த வணிக முயற்சியும் தோல்வியில் முடிந்தது. ஹோட்டற் கூடத்தின் ஒரு பக்கம் மதுச்சாலை; மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடியனோடு பேசவேண்டும் என உணர்ந்த அவர், தொலைபேசியை நாடினார். மறுநாள் ஹென்றியெற்றா சைபர்லிங் என்னும் பெண்மணியின் இல்லத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேட் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரமே தருவேன் என்று வந்த வைத்தியர் பல மணி நேரம் இருந்தார். அவர் இறுதியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 யூன் 10ஆம் நாளே அநாமதேயக் குடிநோயாளர் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகின்றது.

1941 மார்ச்சில் ‘சற்றடே ஈவினிங் போஸ்ற்’ என்னும் வார இதழிற் கட்டுரையொன்று வெளிவந்தது. சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு முடிவில் 8,000 ஆயிற்று. ஊர்தோறும் இருந்து கடிதங்கள் குவிந்தன. தத்தம் ஊரிற் கூட்டம் இல்லாதோரின் பெயர்கள், வணிகத்தின்பொருட்டு ஊரூராகச் செல்லும் உறுப்பினரிடம் கொடுக்கப்பட்டன. அவர்கள் கதவைத் தட்டிய இடங்களிற் புதிய குழுக்கள் தோன்றின. முன்னைய சங்கத்துக்கு நேர்ந்த கதி தமக்கும் நேராதிருக்க, 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் அவர்கள் சில நெறிகளை ஏற்றனர்: வெளியார் பணம் பெறுவதில்லை, பொதுச் சர்ச்சைகளில் ஈடுபடுவதில்லை, குடியை விடும் விருப்பமொன்றே உறுப்புரிமைக்குத் தகுதி.

இதன் குறைகளையும் நாம் மறைத்தலாகாது. விருப்பமொன்றே தகுதி என்ற சங்கத்தையும் நிறவெறி தீண்டாமல் விடவில்லை. 1940களிற் கறுப்பின மக்கள் தமக்கெனத் தனிக் குழுக்கள் அமைக்க வேண்டியிருந்தது. சங்கத்தின் சமயச் சாயல் பலரைத் தயங்கச் செய்தது. வேலையின்மையையும் மதுவால் வரும் இலாபத்தையும் அது கேள்விக்குட்படுத்தவில்லை. அவற்றை எதிர்க்கும் கடமை சமுதாயத்தினுடையது.

இலங்கையில் 1912இன் மதுவரிச் சட்டத்தை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கம் அக்கடமையின் ஒரு பகுதியை மேற்கொண்டது. தவறணைகள் பெருகுவதைத் தடுக்கப் போராடியது. போராட்டம் நியாயமானதே. ஆனால் தவறணை மூடப்பட்ட மாலையில் நடுங்கும் கைகளோடு வெளியே நிற்பவன் எங்கே செல்வான் என்பது வேறொரு கேள்வி. வைத்தியர் தரும் சிகிச்சை அவனுக்கு வேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு மாலைக்கும் அவனைப் போன்றோர் கூடும் ஓர் இடமும் வேண்டும். அதற்கு மாளிகை வேண்டியதில்லை. மாலையிற் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் நம்மிடம் உள்ளன. ஒன்றைத் திறந்து, சில வாங்குகளை வட்டமாக இட்டு, பெயர் கேளாமல் அவனை அமரச் சொல்வது நம்மால் இயலும்.