சுண்ணாம்பை அளந்த சர்க்கார்

பிளவக்கல் அணையைப் பார்க்காத பழைய மாணவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். என்.எஸ்.எஸ். முகாம், துறைச் சுற்றுலா, இல்லாவிட்டால் வகுப்பை 'கட்' அடித்த கதை, எப்படியும் ஒரு தடவையாவது வத்திராயிருப்பு பஸ் ஏறியிருப்போம். அங்கே இருப்பது இரண்டு அணைகள்: பெரியாறு, கோவிலாறு. பெரியாறு என்றதும் வெளியூர்க்காரர்கள் முல்லைப் பெரியாறா என்று கேட்பார்கள். இது கிழக்கே இறங்கி நம் கண்மாய்களுக்கு வருகிற தண்ணீர். அது சிவகிரி மலையில் பிறந்து மேற்கே ஓடுகிற ஆறு. நடுவில் ஒரு மலைத்தொடர், அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது பெரியாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு வாசகமும் வரும். "சிமெண்டே இல்லாமல் கட்டினான், இன்னும் நிற்குது. வெள்ளைக்காரன் வேலைன்னா வேலைதான்." நம் மாணவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு படித்தவன் என்ற முறையில் இதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. அணை நிற்பது உண்மை. ஆனால் வெள்ளைக்கார சர்க்கார் வாங்கிய சாமானெல்லாம் சுத்தம் என்பது சரித்திரம் அல்ல. சுண்ணாம்பில் அது ஏமாந்த மாதிரி வேறெதிலும் ஏமாந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் கண்மாய், கலிங்கு, மடை வேலைகளுக்கு 'மராமத்து' என்று பெயர். மதிப்பீடு போடுவது ஒருவர், வேலையை நடத்துவது தாசில்தார், பணம் கொடுப்பது கலெக்டர் கச்சேரி. பல ஜில்லாக்களுக்குச் சேர்த்து ஒரே இஞ்சினீயர். அவர் குதிரையில் வந்து பார்க்கும்போது சுவர் எழும்பி, மேல்பூச்சும் காய்ந்திருக்கும். பூச்சுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கோளாறுகளை விசாரிக்கப் போட்ட கமிஷன் 1852-ல் அறிக்கை கொடுத்தது. பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடப்பதை அது எடுத்துக் காட்டியது. 1858-ல் பொதுப்பணித் துறை தனியாக அமைந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

துறை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1857-க்குப் பிறகு வட இந்தியாவெங்கும் ராணுவத்துக்குப் பெரிய பெரிய பாரக்குகள் எழும்பின. அலகாபாத்தில் கட்டியவை 1870-ஐ ஒட்டி விரிசல் விட்டு, பெரிய அவமானமாகிப் போயின. வைஸ்ராய் மேயோ பிரபு அதைப் பற்றிக் கடுங்கோபத்தோடு எழுதினார். சொந்தப் பட்டாளம் தூங்குகிற கட்டடத்திலேயே இந்தக் கதி!

தப்பு எங்கே நடந்தது என்று புரிய வேண்டுமானால் கொத்தனாரோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் பொங்கிப் பொடியாகும். அதைத்தான் நீற்றுவது என்கிறோம். அளவு இரண்டு மடங்குக்கு மேலேகூடப் போகும். சர்க்கார் சுண்ணாம்பை எடை போட்டு வாங்காமல் பெட்டியில் அளந்து வாங்கினால், கல்லாக அளந்ததா, நீற்றிய பிறகு அளந்ததா என்பதிலேயே பில் இரட்டித்துவிடும். சுட்ட கல் சில நாள் காற்றுப் பட்டால் தானாகவே நீர்த்து வீரியம் போய்விடும். பார்வைக்கு அதுவும் வெள்ளைப் பொடிதான். சூளைச் சாம்பல் கலந்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. வேகாத கல்லைக் கூடவே போட்டு அளந்து கொடுத்தால் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பு பூச்சுக்கு அருமையானது, ஆனால் தண்ணீருக்குள் இறுகாது. களிமண் சேர்ந்த சுக்கான் கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். ஏன் என்பதை 1818 வாக்கில் பிரெஞ்சு இஞ்சினீயர் விக்காத் விளக்கினார். சுர்க்கி என்கிற செங்கல் தூளைச் சேர்த்தாலும் அதே குணம் வரும். ஆனால் செங்கல் பக்குவமாக வெந்திருக்க வேண்டும். கருகிய செங்கலின் தூளுக்குச் சத்தில்லை. செம்மண்ணைக் கலந்துவிட்டால் அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு! எம்-புக்கில் ஏறுவது கன அடி மட்டும்தான். குறைந்த டெண்டர்காரருக்கு லாபம் கிடைக்கிற இடமும் இதுதான்.

இதே காலத்தில் லண்டனில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நகரத்துக்கு மாபெரும் சாக்கடைகள் கட்டும் வேலைக்கு வந்த சிமெண்டை ஜான் கிராண்ட் என்ற இஞ்சினீயர் 1859-லிருந்தே சோதித்துத்தான் எடுத்தார். சிமெண்டை அச்சில் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் மாட்டி இழுத்து, எத்தனை பவுண்டில் அறுகிறது என்று பார்த்தார். தேறாத சரக்கு திரும்பிப் போனது. நமக்கு வந்த சீமைச் சரக்கையோ இந்தியா ஆபீஸின் ஸ்டோர் இலாகா லண்டனிலேயே வாங்கி, அங்கேயே சோதித்து அனுப்பியது. பீப்பாய்ச் சிமெண்ட் வாரக்கணக்கில் கப்பலில் வந்து, துறைமுக ஈரத்தில் கட்டிதட்டினால் அது லண்டன் சர்டிபிகேட்டில் தெரியாது. கல்கத்தா அலிப்பூரில் அரசுச் சோதனைக் கூடம் வந்தது 1912-ல். இந்தியாவிலேயே வாங்குவதற்கான ஸ்டோர்ஸ் இலாகா வந்தது 1922-ல்.

இப்போது முல்லைப் பெரியாறுக்கு வருவோம். பென்னிகுயிக் மனைவியின் நகையை விற்றார் என்ற கதை ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதைவிட அந்த இடத்துச் சூளைகளின் கதைதான் பிடிக்கும். 1887-ல் தொடங்கிய அந்த வேலையைத் துறையே நேரடியாக நடத்தியது. சென்னைப் பயனீயர் பட்டாளத்தார் உழைத்தார்கள். கொச்சிப் பக்கத்துத் தச்சர்களும் வந்தார்கள். கூடலூரை அடுத்த குருவனூத்துப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டி, கம்பிவடத்தில் மலையேற்றினார்கள். வெளிமுகங்களுக்குக் கருங்கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட். அணையின் கன அளவில் அறுபது சதவீதத்துக்கு மேல் இந்த உள்கட்டுதான். கல்லை வெட்டியவர், சுட்டவர், அரைத்தவர், கொட்டியவர் எல்லாரும் ஒரே அதிகாரியின் கீழ். சுண்ணாம்பு மோசமானால் வெள்ளம் வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தற்காலிகத் தடுப்புகளை ஆறு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார்.

அப்படியும் அந்தச் சாந்து சாகாவரம் பெற்றதல்ல. சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கசிந்தது. 1930-களில் அணையில் துளை போட்டு 40 டன் அளவுக்குச் சிமெண்ட் பால் செலுத்தினார்கள். 1960 வாக்கில் 500 டன்னுக்கு மேல். 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்துவிட்டு, மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்பு வட நங்கூரம், பின்னால் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. ஆகவே இன்று நிற்பதில் வெள்ளைக்காரன் வேலையும் இருக்கிறது, நம் துறைக்காரர்கள் பின்னால் செய்த வேலையும் இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தில் 999 வருஷம் என்று எழுதியவர்கள் சாந்தைக் கேட்டு எழுதவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். மெக்கன்ஸி என்ற இஞ்சினீயர் 1899-ல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 1880-களில் தொடங்கிய கண்மாய் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் தனித்தனிக் குறிப்பேடு எழுதும் வழக்கம் இருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இந்த வட்டாரத்துக் கண்மாய்களிலிருந்து ஆரம்பிக்கலாம். கலிங்குக்கு என்ன சுண்ணாம்பு, எந்தச் சூளை, எப்படி அளந்தார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த மலரில் போட நான் சிபாரிசு செய்கிறேன்.