தேனிக்கு குழாய் கேஸ்: 'பாதுகாப்பானது'ன்னு சான்று கொடுக்கிறது யார்? எப்படிச் சோதிக்கிறாங்க?

சிலிண்டர் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை, குழாயைத் திறந்தால் அடுப்பு எரியும். குழாய்வழி எரிவாயுத் திட்டத்தைப் பற்றி அதிகாரிகள் இப்படித்தான் சொல்கிறார்கள். மதுரை, விருதுநகர் மாவட்டங்களோடு சேர்த்து தேனி மாவட்டத்துக்கும் இந்தத் திட்டத்தைச் செயல்படுத்தும் உரிமம் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் கம்பம், சின்னமனூர், போடி பக்கம் மக்கள் கேட்கிற கேள்வி வேறு: "ரோட்டுக்கு அடியில கேஸ் போகுதுன்னா, வெடிச்சா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் ஆந்திராவில் 2014-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

நகரம் கிராமத்தில் என்ன நடந்தது?

2014 ஜூன் 27, அதிகாலை. அப்போது ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த அந்த ஊரின் பெயரே 'நகரம்'. அங்கே கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. கசிந்த வாயு ஊருக்குள் பரவி, ஒரு நெருப்புப் பொறியில் மொத்தமாகப் பற்றிக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் தென்னந்தோப்புகளும் கருகிப் போயின.

விசாரணையில் தெரிந்த காரணம் எளிமையானது. ஈரப்பதம் இல்லாத வாயுவுக்காகப் போடப்பட்ட குழாயில், தண்ணீர் கலந்த வாயு போய்க்கொண்டிருந்தது. உள்ளே தேங்கிய நீர் இரும்பை உள்பக்கமிருந்து அரித்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரியும். அதனால்தான் 'போடும்போது சோதித்தோம்' என்ற பதில் மட்டும் போதாது. குழாய் மண்ணுக்குள் இருக்கும் காலம் முழுக்கச் சோதனை தொடர வேண்டும்.

பெரிய குழாய் வேறு, ஊர்க் குழாய் வேறு

பலரும் குழம்புவது இங்கேதான். நகரத்தில் வெடித்தது அதிக அழுத்தத்தில் வாயுவைக் கொண்டுபோகும் பெரிய குழாய். தமிழ்நாட்டில் எண்ணூரில் 2019-ல் திறக்கப்பட்ட திரவ எரிவாயு முனையத்தோடு இணைந்து, மதுரை வழியாக தூத்துக்குடி நோக்கிப் போகும் திட்டம் அந்த வகை. அதன் ஒரு பகுதியான ராமநாதபுரம் - தூத்துக்குடி 143 கி.மீ. குழாயை 2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார்.

ஊருக்குள் வருவது அதிலிருந்து படிப்படியாக அழுத்தம் குறைக்கப்பட்ட வாயு. முதல் கட்டத்தில் இரும்புக் குழாய், அதிகபட்சம் 49 பார் வரை. அடுத்து தெருக்களில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற பாலிஎத்திலின் குழாய், 7 பாருக்குள். வீட்டு அடுப்புக்கு வரும்போது வெறும் 21 மில்லிபார். இப்போது வீட்டில் இருக்கும் சிலிண்டர் ரெகுலேட்டர் தருவதே சுமார் 30 மில்லிபார். அதாவது அடுப்படியில் குழாய் கேஸின் அழுத்தம் சிலிண்டரைவிடக் குறைவு. ஆபத்தைத் தேட வேண்டிய இடம் ரோட்டுக்கு அடியில்தான்.

சான்று தருவது யார்?

'அரசாங்கம் பார்த்துக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இதில் பல கைகள் இருக்கின்றன. உரிமம் கொடுப்பதும் விதி போடுவதும் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், சுருக்கமாக பி.என்.ஜி.ஆர்.பி. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி உருவான அமைப்பு இது. ஊர் எரிவாயுக் குழாய்களுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளை 2008-ல் வெளியிட்டது. குழாயின் ஆயுள் முழுக்க அதன் நிலையைக் கண்காணிக்க வேண்டும் என்ற தனி விதிமுறை 2013-ல் வந்தது.

ஆனால் வாரியத்தின் ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் வந்து நின்று பார்ப்பதில்லை. அதற்காக வாரியம் அங்கீகரித்த மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. வடிவமைப்பு, குழாய் பதிப்பு, வாயு ஏற்றுவது என ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நிறுவனங்களுக்குச் சம்பளம் கொடுப்பது குழாய் போடும் கம்பெனியே. இது கொஞ்சம் உறுத்தலான ஏற்பாடுதான். அதனால்தான் ஆய்வு அறிக்கைகள் வாரியத்தின் கண்ணுக்கும் போவது முக்கியம்.

சி.என்.ஜி. பங்குகள் தனிக் கதை. அங்கே வாயு மிக அதிக அழுத்தத்தில் சேமிக்கப்படுவதால், மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி வேண்டும். சி.என்.ஜி. ஆட்டோ, கார் வைத்திருப்பவர்கள் வண்டியில் உள்ள சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு விட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நிறைய பேர் மறந்துவிடுகிற விஷயம் அது.

மண்ணுக்குள் இருப்பதை எப்படிச் சோதிப்பது?

இரும்புக் குழாயைப் பற்றவைத்ததும் ஒவ்வொரு இணைப்பையும் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். கை எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பது மாதிரிதான். அடுத்து மேல்பூச்சில் ஊசித்துளை அளவுக்குக்கூட ஓட்டை இருக்கக் கூடாது என்பதற்காக மின்பொறி பறக்கும் கருவியை அதன் மேல் ஓட்டுவார்கள். குழியில் இறக்கி மூடிய பிறகு தண்ணீர் நிரப்பி, வாயு போகப்போகும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, 24 மணி நேரம் அப்படியே விடுவார்கள். ஊருக்குள் இது சுமார் 1.4 மடங்கு. அழுத்தமானியின் முள் இறங்கினால் எங்கோ கசிவு, மறுபடி தோண்ட வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு எதிரி துரு. இரும்பும் ஈரமண்ணும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. முல்லைப் பெரியாறு பாயும் வயல் ஓரம், வாய்க்கால் ஓரம் எல்லாம் மண்ணில் ஈரம் நிற்கும் இடங்கள். இதைத் தடுக்க குழாயோடு மெக்னீசியம் கட்டிகளை இணைத்துப் புதைக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும். அல்லது வெளியிலிருந்து சிறிய மின்சாரம் கொடுப்பார்கள். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா என்று அளந்தால், பாதுகாப்பு வேலை செய்கிறதா என்பது தெரியும். உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு இணையாகக் குழாய் போனால் இந்தக் கணக்கு குழம்பும், அங்கே தனி ஏற்பாடு வேண்டும்.

அப்படி அளப்பதற்காகவே சாலையோரம் ஆங்காங்கே சின்னக் கம்பங்களை நட்டு வைப்பார்கள். இவை சும்மா நிற்கிற கல் இல்லை. மாடு கட்டுவதற்கோ, வேலிக்கோ பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் குழாயின் நாடித்துடிப்பைப் பார்க்க வழியில்லாமல் போகும்.

பெரிய குழாய்களுக்குள் 'பிக்' என்ற கருவியை அனுப்புகிறார்கள். வாயுவின் வேகத்திலேயே உள்ளே ஓடி, எங்கே எத்தனை மில்லிமீட்டர் அரிப்பு இருக்கிறது என்று பதிவு செய்துவிடும். நகரம் கிராமத்தில் நடந்தது போன்ற உள்அரிப்பைப் பிடிக்க இந்தக் கருவிதான் வேண்டும். தெருவில் போகும் பாலிஎத்திலின் குழாய்க்குத் துருப்பிடிக்கும் பிரச்சினையே கிடையாது.

அதற்கு எமன் ஜேசிபி

குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டுவார்கள், சாக்கடைக்குத் தோண்டுவார்கள், இணைய கேபிளுக்குத் தோண்டுவார்கள். யார் எங்கே தோண்டுகிறார்கள் என்பது இன்னொருவருக்குத் தெரியாது. பாலிஎத்திலின் குழாயை சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில், மேலே எச்சரிக்கை நாடா விரித்துப் புதைப்பது இதற்காகத்தான். தோண்டுபவருக்கு முதலில் நாடா தென்பட வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள், குழாய் நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியையே அறிமுகப்படுத்தியது. பேரூராட்சி ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தோட்டத்துக்குள் வருமா?

ஊர் வினியோகக் குழாய்கள் பெரும்பாலும் சாலை ஓரத்திலேயே போகும். பெரிய குழாய் என்றால் 1962-ம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை' எடுப்பார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. நெல், காய்கறி போடலாம். கொங்கு மாவட்டங்களில் கெயில் குழாய்க்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016-ல் தமிழ்நாடு அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானதும் இந்தக் கட்டுப்பாடுகளை ஒட்டித்தான். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குக் கல்கால் ஊன்றிப் பந்தல் போடுகிறவர்கள், அது 'கட்டுமானம்' என்ற கணக்கில் வருமா என்பதை யாராவது அளவெடுக்க வரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு இணைப்பு கொடுக்கும்போது

குழாய், வால்வு, மீட்டர் எல்லாம் மாட்டிய பிறகு ஊழியர் அழுத்தச் சோதனை செய்து காட்ட வேண்டும். சோப்பு நுரை தடவி இணைப்புகளைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பழைய அடுப்பை அப்படியே மாட்டக் கூடாது. சிலிண்டர் கேஸுக்கான பர்னர் துளை சின்னது, அதை மாற்றித்தான் தர வேண்டும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். குழாயில் வரும் மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போகும். அதனால் சமையலறையில் கூரையை ஒட்டி காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும். காற்றில் இந்த வாயு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். வாயுவுக்கு இயல்பாக வாசனை இல்லாததால் ஊருக்குள் நுழையும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் தரும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். 1 சதவீதம் கலக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு.

நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும். கூப்பிட வேண்டிய அவசர எண் மீட்டர் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை, இணைப்பு கொடுத்த அன்றைக்கே பார்த்துவிடலாம்.